பேப்பர் போடுறதுக்கு முன்னால: கம்பஸ் ரிசேர்ச்காரருக்குப் புலமைச் சொத்து பற்றி ஒரு ஆரம்பப் பாடம்

திருகோணமலை கோணேசபுரியில நம்மட கம்பஸ் பிள்ளைகள் ஃபைனல் இயர் புரொஜெக்ட் தொடங்கிற நேரம் கேக்கிற கேள்வியெல்லாம் டொபிக் என்ன, சுப்பவைசர் ஆர், எத்தினை பக்கம் எழுதணும் எண்டதுதான். இதில வாற கண்டுபிடிப்பு ஆருக்குச் சொந்தம் எண்டு கேக்கிற பிள்ளைய காணுறது அருமை. அந்தக் கேள்வி மனசில வாற நேரம் போஸ்டர் ஒட்டியாச்சு, பேப்பர் ஜேர்னலுக்குப் போயிட்டுது, தீசிஸ் லைப்ரரி ராக்கையில ஏறியிட்டுது, அதுக்குப் பிறகு எந்த வக்கீலிட்டப் போனாலும் செய்யக்கூடியது கொஞ்சம்தான். திருகோணமலையில மீன்பிடி இருக்கு, புல்மோட்டையில கனிய மணல் இருக்கு, சித்த மருத்துவ பீடம் இருக்கு, ரிசேர்ச் செய்யிறதுக்கு விசயம் கொட்டிக்கிடக்கு, அதால இத ஒருக்கா ஆறுதலா விளங்கப்படுத்தலாமெண்டு எழுதுறன். சட்டம் படிக்காத ஆக்களுக்காகத்தான் எழுதுறன், ஆனா சட்டத்தில உள்ளத மாத்திச் சொல்லமாட்டன்.

முதல்ல ஒண்டு விளங்கோணும். புலமைச் சொத்து எண்டது ஒரு உரிமையில்ல, பல உரிமைகளுக்கு வச்ச பொதுப்பேர். இலங்கையில இதுக்கெல்லாம் சேர்த்து இருக்கிற சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், அதுக்கு முதல் 1979ல வந்த சட்டக்கோவை ஒண்டு இருந்தது, அத நீக்கிப்போட்டுத்தான் இது வந்தது. பதிவு செய்யிற இடம் கொழும்பில இருக்கிற தேசிய புலமைச் சொத்து அலுவலகம்.

ஒரு உதாரணத்த கையில வச்சுக்கொண்டு கதைப்பம். குச்சவெளிப் பக்கம் கருவாடு போடுற ஆக்களுக்கெண்டு ஒரு பிள்ளை சோலர் டிரையர் ஒண்டு செய்யுது எண்டு வைப்பம், மழைக்காலத்திலயும் நெத்தலி பூஞ்சணம் பிடிக்காம காயோணும், அதுதான் புரொஜெக்ட். அந்தப் பெட்டிக்குள்ள காத்து எப்பிடி வந்து எப்பிடிப் போகுது, ஈரம் கூடினா எந்தத் தட்டு தானா திறக்குது, அந்த வேலை செய்யிற முறை புதுசெண்டா அது பேட்டன்ட் பக்கம், அதாவது அந்தக் கண்டுபிடிப்ப மற்ற ஆக்கள் செய்து விக்காமத் தடுக்கிற உரிமை. பெட்டிட வெளித்தோற்றம், வடிவம், அது கைத்தொழில் வடிவமைப்பு எண்டு வேற பதிவு, முதல்ல 5 வருசம், பிறகு இன்னும் ரெண்டு தரம் புதுப்பிக்கலாம். அதுக்கு ஒரு பேர் வச்சு வித்தா அந்தப் பேரும் லோகோவும் வியாபாரக் குறி, 10 வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சுக்கொண்டே போகலாம். சென்சருக்கு எழுதின புரோகிராம், தீசிஸ், போட்டோ, வரைபடம், இதெல்லாம் பதிப்புரிமை. மீன ஊறப்போடுற உப்புத்தண்ணிக் கலவைய ஒருத்தருக்கும் சொல்லாம வச்சிருந்தா அது வெளிப்படுத்தப்படாத தகவல், அதுக்கும் அதே சட்டத்தில பாதுகாப்பு இருக்கு, ஆனா ரகசியமா இருக்கிற வரைக்கும் மட்டும்தான். ஒரு பெட்டிக்குள்ள அஞ்சு உரிமை, ஒவ்வொண்டுக்கும் வேற வேற விதி, இத ஒண்டாக் குழப்பிறதாலதான் முக்கால்வாசிப் பிரச்சினையும் வருது.

குழப்பம் கூட வாற இடம் பதிப்புரிமை. இதுக்குப் பதிவு தேவையில்ல, நீங்க சொந்தமா எழுதினவுடன தானா வந்திரும், எழுதினவர் உயிரோட இருக்கிற காலமும் அவர் செத்து 70 வருசமும் இருக்கும். கம்பியூட்டர் புரோகிராமும் எழுத்துப் படைப்பாத்தான் கணக்கில எடுக்கிறாங்க. இதக் கேட்டவுடன "அப்ப என்ட தீசிஸ்ல எழுதியிருக்கு, என்ட ஐடியா பாதுகாப்பா இருக்கு" எண்டு நினைக்கிற ஆக்கள் கனபேர். அப்பிடியில்ல. பதிப்புரிமை காப்பாத்திறது நீங்க எழுதின விதத்த மட்டும்தான், அதுக்குள்ள இருக்கிற கருத்து, செய்முறை, கண்டறிஞ்ச உண்மை, வெறும் தரவு இதுகளுக்குப் பாதுகாப்பு இல்லையெண்டு சட்டத்திலயே எழுதியிருக்கு. உங்கட தீசிஸில இருந்து மூண்டு பக்கத்த அப்பிடியே கொப்பி அடிச்சா வழக்கு வைக்கலாம், ஆனா உங்கட தீசிஸ வாசிச்சு விளங்கிக்கொண்டு ஒருத்தர் அதே டிரையரச் செய்து வித்தா பதிப்புரிமைய வச்சு அவரத் தடுக்கேலாது. நீங்க கஷ்டப்பட்டு எடுத்த வெப்பநிலை அளவுகளும் அப்பிடித்தான், எண்கள் ஆருக்கும் சொந்தமில்ல, அத நீங்க தெரிஞ்செடுத்து ஒழுங்குபடுத்தின விதத்தில சொந்தமான ஆக்கம் இருந்தா அந்த ஒழுங்குக்கு மட்டும் உரிமை வரும்.

வேலை செய்யிற முறையக் காப்பாத்தோணுமெண்டா பேட்டன்ட்தான் வழி. அதுக்கு மூண்டு விசயம் பாக்கிறாங்க: புதுசா இருக்கோணும், அந்தத் துறையில இருக்கிற ஒருத்தருக்கு பாத்தவுடன தோணாத ஒரு படி அதில இருக்கோணும், தொழிலில பாவிக்கக் கூடியதா இருக்கோணும். இயற்கையில ஏற்கெனவே இருக்கிறதக் கண்டறியிறது, விஞ்ஞானக் கொள்கை, கணித முறை, செடிகொடி விலங்கு, வியாபாரம் செய்யிற முறை, மனிசருக்கோ மிருகத்துக்கோ சிகிச்சை செய்யிற முறை, நோய் கண்டறியிற முறை இதுகளுக்கு இங்க பேட்டன்ட் இல்ல. மரபணு மாத்தின நுண்ணுயிருக்கு மட்டும் இதில விலக்கு இருக்கு, அதுக்கு பேட்டன்ட் கேக்கலாம். கிடைச்சா, விண்ணப்பம் போட்ட திகதியில இருந்து 20 வருசம், இடையில வருசாவருசம் காசு கட்டிப் புதுப்பிக்கோணும். இலங்கையில எடுத்த பேட்டன்ட் இலங்கைக்குள்ள மட்டும்தான் செல்லும், பாக்கு நீரிணைக்கு அங்கால செல்லாது.

இந்த மூண்டிலயும் கம்பஸ் ஆக்கள் விழுந்துபோறது முதலாவதில. புதுசு எண்டா நம்மட ஊருக்குப் புதுசெண்டு அர்த்தமில்ல, உலகத்தில எந்த மூலையிலயாவது எழுத்திலயோ பேச்சிலயோ பாவனையிலயோ வெளியில வந்திருந்தா அது பழசு. அந்த எந்த மூலையிலயாவது எண்டதுக்குள்ள நீங்களும் அடக்கம். நீங்களே உங்கட கண்டுபிடிப்ப கொன்பரன்ஸ் அப்ஸ்ட்ராக்டில போட்டா, போஸ்டரில ஒட்டினா, பேஸ்புக்கில படம் போட்டா, கண்காட்சியில வாற ஆக்களுக்கு திறந்து காட்டினா, அதுவும் வெளிப்படுத்தல்தான். லைப்ரரியில ஆரும் எடுத்து வாசிக்கலாமெண்டு வச்ச தீசிஸும் அப்பிடித்தான். சுப்பவைசரோட கதைக்கிறது, ரகசியம் காப்பன் எண்டு எழுதிக் கையெழுத்து வச்ச ஆளோட கதைக்கிறது இதில சேராது.

இலங்கைச் சட்டம் இதில கொஞ்சம் இரக்கம் காட்டுது. கண்டுபிடிச்சவரே வெளியில விட்டிருந்தா, அதுக்குப் பிறகு ஒரு வருசத்துக்குள்ள விண்ணப்பம் போட்டா அந்த வெளிப்படுத்தலக் கணக்கில எடுக்கமாட்டாங்க. அமெரிக்காவிலயும் ஒரு வருசம் இருக்கு. ஐரோப்பாவில உங்கட சொந்தப் பேப்பருக்கு அப்பிடி ஒரு சலுகையும் இல்ல, நேற்றுப் போட்ட பேப்பர் இண்டைக்கே உங்களுக்கு எதிரா நிக்கும். இதுக்கு நல்ல சாட்சி ஸ்டான்லி கோஹன், ஹேர்பேர்ட் போயர் எண்ட ரெண்டு பேரிட கதை. மரபணுவ வெட்டி ஒட்டுற முறைய 1973ல பேப்பராப் போட்டிட்டாங்க, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் அமெரிக்காவில விண்ணப்பம் போட்டது 1974 நவம்பரில, அந்த ஒரு வருசம் முடிய ஒரு கிழமை இருக்கேக்க. அமெரிக்க பேட்டன்ட் கிடைச்சுது, 1997ல காலம் முடியிறதுக்குள்ள சுமார் 255 மில்லியன் டொலர் லைசன்ஸ் காசு வந்துது. வெளிநாட்டு உரிமை ஒண்டும் கிடைக்கேல்ல, ஏனெண்டா பேப்பர் முந்தியிட்டுது. அவ்வளவு பெரிய யூனிவர்சிட்டிக்கே இப்பிடியெண்டா, நம்மட பிள்ளை ஒண்டு அவசரத்தில அப்ஸ்ட்ராக்ட் அனுப்பிறத எப்பிடிக் குறை சொல்லுறது. அதால என்ட புத்தி ஒண்டுதான்: முதல்ல விண்ணப்பம், அடுத்தநாள் வேணுமெண்டா பேப்பர். பேட்டன்ட் எடுத்தா பேப்பர் போடேலாது எண்டு நினைக்கிறது பிழை, விண்ணப்பத் திகதி கையில வந்தவுடன தாராளமாப் போடலாம், வரிசைதான் முக்கியம்.

இனி பேட்டன்ட் விண்ணப்பத்துக்குள்ள இருக்கிற ஒரு பகுதிய கிட்டப்போய்ப் பாப்பம், ஏனெண்டா உரிமை முழுக்க அங்கதான் இருக்கு. அதுக்குப் பேர் கிளெய்ம், உரிமைக் கோரிக்கை. விவரணம் எவ்வளவு பக்கம் எழுதினாலும் எல்லை போடுறது கிளெய்ம்தான். நம்மட டிரையருக்கு ஒருத்தர் இப்பிடி எழுதுறார் எண்டு வைங்க: "மீன் உலர்த்தும் பெட்டி ஒன்று; அதன் அடிப்பக்கத்தில் காற்று நுழையும் வழி; மேற்பக்கத்தில் இரண்டு அலுமினியத் தட்டுகள்; உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது அத்தட்டுகளைத் திறக்கும் மோட்டர்." பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னொரு ஆள் அலுமினியத்துக்குப் பதிலா பிளாஸ்டிக் தட்டுப் போட்டா? ரெண்டுக்குப் பதிலா ஒரே ஒரு தட்டு வச்சா? 60க்குப் பதிலா 70ல திறக்க விட்டா? அவர் அந்த வேலிக்கு வெளியில நிக்கிறன் எண்டு வாதாடலாம். சரி, அப்ப எல்லாத்தையும் அகட்டி "ஈரம் கூடும்போது காற்றை வெளியேற்றும் உலர்த்தும் பெட்டி" எண்டு எழுதினா? அது ஏற்கெனவே உலகம் முழுக்க இருக்கு, புதுசில்ல எண்டு தள்ளிப்போடுவாங்க. அதால அனுபவமுள்ள ஆக்கள் முதலாவது கிளெய்ம எவ்வளவு அகலமா எழுதலாமோ அவ்வளவு அகலமா எழுதி, பிறகு அதில தங்கின மாதிரி "முதலாம் கோரிக்கையில் கூறிய பெட்டி, அதில் தட்டு அலுமினியத்தால் ஆனது" எண்டு ஒண்டொண்டா ஒடுக்கிக்கொண்டு வருவாங்க, மேல உள்ளது விழுந்தாலும் கீழ உள்ளது நிக்கட்டும் எண்டு. இந்த வேலைய நீங்க தனிய செய்யாதீங்க, ஆனா எழுதிக் குடுக்கிற ஆளுக்கு உங்கட கண்டுபிடிப்பில உயிர் எது, மாத்தக்கூடியது எது எண்டு சொல்லுறதுக்கு உங்களவிட்டா ஆள் இல்ல.

சித்த மருத்துவப் பக்கம் ரிசேர்ச் செய்யிற பிள்ளைகளுக்கு இது தனியாச் சொல்லோணும். ஏட்டில இருக்கிற சூரணத்தையோ தைலத்தையோ எடுத்து லேப்ல சோதிச்சு, ஓம் வேலை செய்யுது எண்டு நிரூபிச்சா அது அருமையான ரிசேர்ச், ஆனா அந்த மருந்துக்கு பேட்டன்ட் கிடையாது, அது பழசு. அது நல்லதும் கூட. மஞ்சளிட கதை தெரிஞ்சிருக்கும், 1995ல அமெரிக்காவில மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்து ஆக்கள் ரெண்டு பேருக்கு மஞ்சளால காயம் ஆத்திறதுக்கு பேட்டன்ட் குடுத்திட்டாங்க, இந்தியாவிட விஞ்ஞான தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய நூல்களையும் பழைய ஜேர்னல் கட்டுரையையும் தூக்கிக்கொண்டு போய் எதிர்த்து 1997ல அத ரத்துச் செய்விச்சுது. அதில கவனிக்க வேண்டியது என்னெண்டா, பாட்டி பூசினவ எண்டு சொல்லி வெல்லேல்ல, திகதியோட எழுத்தில இருந்தத காட்டித்தான் வெண்டது. 2001ல இந்தியா தொடங்கின மரபு அறிவு மின்நூலகத்தில சித்த மருத்துவமும் இருக்கு, வெளிநாட்டு பேட்டன்ட் அலுவலகங்கள் அதத் தேடிப்பாத்துத்தான் முடிவெடுக்கட்டும் எண்டதுதான் நோக்கம். நம்மட பக்கத்துப் பரம்பரை வைத்தியர் ஒருத்தரிட்ட கேட்டு எழுதிற பிள்ளை ரெண்டு விசயத்த மறக்கக்கூடாது: அவரிட சம்மதத்த எழுத்தில எடுக்கோணும், எத வெளியில போடலாம் எத போடக்கூடாது எண்டு அவரிட்டயே கேக்கோணும். பேப்பரில ஒருக்கா வந்தா திருப்பி எடுக்கேலாது. பழைய மருந்தில இருந்து புதுசா ஒரு பிரித்தெடுக்கிற முறை, ரெண்டு மூலிகை சேர்ந்து தனித்தனியாத் தராத ஒரு பலனத் தாற கலவை, கெட்டுப்போகாம வைக்கிற புது வழி, இப்பிடி உங்கட கையால வந்த புதுமை இருந்தா அதுக்கு மட்டும் யோசிக்கலாம். அந்த வைத்தியருக்கும் அதில பங்கு வரோணும் எண்டது என்ட உறுதியான அபிப்பிராயம், அத முதலே எழுதி வைங்க.

இப்ப ஆருக்குச் சொந்தம் எண்ட கேள்வி. சட்டத்திட அடிப்படை, கண்டுபிடிச்ச ஆளுக்கு உரிமை. ஆனா சம்பளத்துக்கு வேலை செய்யிற ஆள் அந்த வேலை ஒப்பந்தப்படி செய்ததில வந்த கண்டுபிடிப்பு, ஒப்பந்தத்தில வேற மாதிரி எழுதியிருக்காட்டி, வேலை குடுத்தவருக்குப் போகும். நினைச்சதவிட மிச்சம் பெரிய பெறுமதி வந்தா கண்டுபிடிச்சவருக்கு நியாயமான ஒரு தொகை கேக்கிற உரிமையும் இருக்கு. லெக்சரர்மார், சம்பளம் எடுக்கிற ரிசேர்ச் அசிஸ்டன்ட்மார் இதுக்குள்ள வருவாங்க. படிக்கிற பிள்ளை ஊழியரில்ல, அதால இந்த விதி அவருக்கு நேரடியாப் பொருந்தாது, அவருக்குப் பொருந்திறது அவர் கையெழுத்து வச்ச கடுதாசி. யூனிவர்சிட்டிட ஐபி (புலமைச் சொத்து) பொலிசி, பதிவு செய்யேக்க வச்ச பத்திரம், காசு குடுத்த நிறுவனத்தோட போட்ட ஒப்பந்தம், இதுகளில என்ன எழுதியிருக்கோ அதுதான். வெளிக் கொம்பனி ஒண்டு ஒரு மெசினத் தந்து மாதிரி பாக்கச் சொல்லுற நேரம் சந்தோசத்தில வாசிக்காம கையெழுத்து வைக்கிற பழக்கம் நம்மட பக்கம் இருக்கு, அந்தப் பத்திரத்திட நடுவில "இதில் உருவாகும் சகல உரிமைகளும்" எண்டு ஒரு வரி இருக்கும், அந்த வரியத் தேடி வாசிங்க. கையெழுத்து வைக்க முதல் இது மாத்தலாமா எண்டு கேக்கிறதில மரியாதைக் குறைவு ஒண்டுமில்ல.

அடுத்த பிரச்சினை பேர். பேப்பரில பேர் போடுறதுக்கும் பேட்டன்ட்டில கண்டுபிடிப்பாளரெண்டு பேர் போடுறதுக்கும் ஒரே அளவுகோல் இல்ல. பேப்பரில தரவு எடுத்தவர், பகுப்பாய்வு செய்தவர், எழுதத் துணை நிண்டவர் எல்லாரும் வரலாம். பேட்டன்ட்டில, அந்தப் புதுமையான யோசனை ஆரிட தலையில இருந்து வந்துதோ அவர் மட்டும்தான். லேப் திறப்பு வச்சிருக்கிறவர், டிபார்ட்மென்ட் ஹெட், காசு ஒழுங்குபண்ணித் தந்தவர், சொன்னபடி நாப்பது தரம் ஈரம் அளந்து தந்த ஜூனியர், இவங்க அந்த ஒரே காரணத்துக்காக கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டாங்க. அதே நேரம் "சேர், அந்தத் தட்ட கீழ வைக்காம மேல வச்சுப் பாப்பமா" எண்டு கேட்டு அதால விசயம் வெண்டிருந்தா அந்தப் பிள்ளைட பேர் வந்தே ஆகோணும். சேர்மாரோட இதக் கதைக்க பிள்ளைகள் பயப்பிடுறது எனக்கு விளங்குது. அதால சேர்மாரும் மேடம்மாரும்தான் முதல்ல கதைய எடுக்கோணும், அது அவங்கட கடமை.

இதெல்லாத்துக்கும் அத்தாட்சி லேப் கொப்பி. ஒற்றைத் தாள் இல்ல, கட்டின கொப்பி, பக்க இலக்கம் போட்டது, பேனையால எழுதினது. திகதி, என்ன நினைச்சுச் செய்தனீங்க, என்ன வந்துது, பிழைச்சதும் சேர்த்து. பிழையா எழுதினத ஒரு கோடு போட்டு வெட்டுங்க, வெள்ளை பூசாதீங்க. இடைவெளி விட்ட பக்கத்துக்கு குறுக்க ஒரு கோடு. கிழமைக்கு ஒருக்கா அந்த வேலையில பங்கில்லாத, ஆனா விளங்கக்கூடிய ஒருத்தர் வாசிச்சு திகதியோட கையெழுத்து வச்சா இன்னும் பலம். இலங்கையில முந்தி விண்ணப்பம் போட்டவருக்குத்தான் முன்னுரிமை, அதால கொப்பிய வச்சு திகதிய முந்தேலாது, ஆனா இது ஆரிட யோசனை எண்ட சண்டை வந்தா அந்தக் கொப்பிதான் பேசும்.

பேப்பர் போடேக்க ஜேர்னல் அனுப்பிற பத்திரத்தையும் வாசிங்க. சில ஜேர்னல் பதிப்புரிமைய முழுசா எழுதி வாங்கும், அதுக்குப் பிறகு உங்கட சொந்த வரைபடத்த உங்கட புத்தகத்தில போடவும் அனுமதி கேக்கோணும். ஆரும் காசில்லாம வாசிக்கிற திறந்த அணுகல் ஜேர்னலில பொதுவா உரிமை உங்களிட்டயே இருக்கும், கிரியேட்டிவ் கொமன்ஸ் லைசன்ஸில சீசீ பிவை (CC BY) எண்ட வகையெண்டா ஆரும் பாவிக்கலாம், பேர் சொன்னாச் சரி. எது நல்லதெண்டா, நான் ரெண்டாவதத்தான் சொல்லுவன், ஆனா சில இடத்தில அதுக்குக் காசு கேப்பாங்க, கையில இருக்கிறதப் பாத்து முடிவெடுங்க.

மற்ற ஆக்களிட பேட்டன்ட்டுக்குப் பயந்து ரிசேர்ச்ச விடவேண்டியதில்ல. விஞ்ஞான ஆராய்ச்சிக்காக மட்டும் செய்யிறத நம்மட சட்டம் மீறலாக் கணக்கெடுக்கிறதில்ல, விக்கத் தொடங்கினாத்தான் பிரச்சினை. அதோட பேட்டன்ட் எடுக்கிறது எண்டா காசாசை எண்டும் நினைக்கவேண்டாம். இன்சுலின் பேட்டன்ட்ட அத எடுத்தவங்க 1923ல டொரொன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டொலருக்குத்தான் குடுத்தாங்க, வேற ஒருத்தர் எடுத்து மற்ற ஆக்களத் தடுக்கக்கூடாது எண்டதுக்காக. கருவாடு போடுற சனத்துக்கு டிரையர் மலிவாப் போகோணும் எண்டு நினைக்கிற பிள்ளைக்கும் இது ஒரு வழி, உரிமைய எடுத்து வச்சுக்கொண்டு உள்ளூர் ஆக்களுக்கு இலவசமா லைசன்ஸ் குடுக்கலாம்.

வெளிநாட்டுக்கும் வேணுமெண்டா இங்க போட்ட முதல் விண்ணப்பத்தில இருந்து 12 மாசத்துக்குள்ள மற்ற நாடுகளில போடோணும், அல்லது அதே 12 மாசத்துக்குள்ள பீசீடீ எண்ட சர்வதேச வழியால ஒரு விண்ணப்பம் போட்டா, நாடு நாடாப் போய்க் காசு கட்டுறத பொதுவா முதல் திகதியில இருந்து 30 மாசம் வரைக்கும் தள்ளிவைக்கலாம். இலங்கை அதில 1982ல இருந்து இருக்கு. செலவு கூடினது அந்த நாட்டுக் கட்டம்தான், அதுக்குள்ள ஒரு கொம்பனியோ யூனிவர்சிட்டியோ கைகுடுக்குமா எண்டு பாக்க அந்த நேரம் உதவும்.

இண்டைக்கே செய்யக்கூடியது ஒண்டு இருக்கு, காசு போகாது. கூகிள் பேட்டன்ட்ஸ், உலக புலமைச் சொத்து அமைப்பிட பேட்டன்ட்ஸ்கோப், ஐரோப்பாவிட எஸ்பாஸ்நெட், மூண்டும் இலவசம். டொபிக் முடிவாக முதல் அதில போய் மீன், உலர்த்தி, ஈரப்பதம், காத்தோட்டம் மாதிரி சொல்லுகள ஆங்கிலத்தில மாத்தி மாத்திப் போட்டுத் தேடுங்க, ஒரே சாமானுக்கு வக்கீல்மார் விசித்திரமான பேர் வைப்பாங்க, அதால ஒண்டு அம்பிட்டா அதில போட்டிருக்கிற வகைப்பாட்டு இலக்கத்தப் பிடிச்சுக்கொண்டு அதே இலக்கத்தில மற்றதுகளப் பாருங்க. நீங்க செய்ய நினைச்சது ஏற்கெனவே இருந்தா மனம் உடையவேண்டாம், அதில எங்க குறை இருக்கெண்டு கவனமா வாசிச்சுப் பாருங்க, அங்க இருந்து தொடங்கலாம். தேடினதப் பிரின்ட் எடுத்துக்கொண்டு சுப்பவைசரிட்டப் போங்க, அப்பிடியே யூனிவர்சிட்டியில தொழில்துறைத் தொடர்பு பாக்கிற பிரிவு ஆர் பொறுப்பிலயெண்டு விசாரிச்சு ஐபி பொலிசிட கொப்பி ஒண்டும் வாங்குங்க, அப்ஸ்ட்ராக்ட் அனுப்பிற கடைசித் திகதிக்கு முதல்.